மூன்று அணுத் தடிப்பு

திங்கள்

இன்று ஆறாவதும் செத்துவிட்டது.

திரான்சிஸ்டர் சாகும் என்று எழுதுவது சரியா தெரியவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அகீலா அக்காவின் சிப்பைச் சாவண இடுக்கியால் எடுத்து அளவிடும் மேடையில் வைத்தேன். நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்துக்கொண்டே இரண்டு ஊசிகளை ஆறாவது திரான்சிஸ்டரின் இரண்டு பொன் தகடுகளில் இறக்கினேன். "ரெடி" என்றேன். அக்கா கணினியில் தட்டினார். கோடு எழும்பவில்லை. திரையின் அடியில் படுத்துக் கிடந்தது.

"ஊசி தொடுதா பாரு நிலூ."

"தொடுதுக்கா."

"இன்னம் கொஞ்சம் அழுத்து."

"அழுத்துனா கீறிரும்."

"கீறத்தான் கீறிட்டியே," என்றார் அக்கா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தச் சிப் நகத்தளவு சிலிக்கன் துண்டு. அதன் மேல் மொலிப்டினம் டைசல்பைட்டு என்ற கனியத்தின் தனி அடுக்குகள் எட்டு இடத்தில் ஒட்டியிருக்கின்றன. கனியத் துண்டை ஒட்டு நாடாவில் அழுத்தி, நாடாவை மடித்து உரித்து, மறுபடி மடித்து உரித்து, பென்சில் கரி போல மினுங்கும் தூள் மெலிந்து மெலிந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை அக்கா உரிப்பார். கடைசியில் மிஞ்சுவது மூன்று அணுத் தடிப்பு: கந்தகம், மொலிப்டினம், கந்தகம். நுணுக்குக்காட்டியில் ஊதாத் தரையில் மங்கிய நீலப் பொட்டாகத் தெரியும். பழக்கமில்லாதவர் பார்த்தால் கண்ணாடியில் அழுக்கு என்று துடைக்கப் பார்ப்பார். அவ்வளவு மெல்லிய குறைகடத்தியில் திரான்சிஸ்டர் செய்யலாம், நாளைய கருவிகளுக்கு அது வேண்டியிருக்கும் என்பதுதான் அக்காவின் ஆராய்ச்சி. பொன் தகடுகளை வெளிநாட்டில் ஒரு கூடத்தில் படியவைத்து அனுப்பினார்கள். இன்னொரு சிப்புக்கு இப்போதைக்கு வழியில்லை.

வோல்ட்டேஜைக் கூட்டிக்கொண்டு போனால் மின்னோட்டக் கோடு ஏறும். குறைத்துக்கொண்டு வந்தால் அதே தடத்தில் இறங்கவேண்டும். எங்கள் சிப்பில் அப்படி இறங்கவில்லை. போன கோடும் வந்த கோடும் விலகி நடுவில் வாய் திறந்தது போல நின்றன. காற்றிலுள்ள நீர் அந்த அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் காரணம். மூன்று அணுத் தடிப்புள்ள பொருளுக்கு உள்பக்கம் என்று ஒன்று கிடையாது, எல்லாமே மேற்பரப்பு. அக்காவின் கட்டுரையைப் படித்த வெளி ஆய்வாளர்கள் கேட்டது ஒன்றுதான். உலர்ந்த காற்றில், ஒரே திரான்சிஸ்டரை, ஊசியை எடுத்து மறுபடி இறக்கி, இரண்டு தரம் அளந்து காட்டுங்கள். வெள்ளிக்கிழமை பதில் போகவேண்டும். கட்டுரை இல்லாமல் ஆய்வேட்டைக் கையளிக்க முடியாது. அக்கா பெண்கள் பாடசாலை ஒன்றில் விஞ்ஞான ஆசிரியை. படிப்புக்கு எடுத்த விடுமுறை முடிகிறது, இனி நீட்டமாட்டார்கள்.

எட்டில் இன்னும் இரண்டு இருக்கின்றன.

நான் நினைத்தது: ஆறையும் மேடையில் ஏற்றியது நான்தான். வேறு யாரும் சிப்பைத் தொடவில்லை.

செவ்வாய்

காலையில் ராஜலிங்கம் சேர் செத்த ஆறையும் நுணுக்குக்காட்டியில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அக்காவின் ஆராய்ச்சிக்கு மேற்பார்வையாளர் அவர், ஆய்வுகூட உதவியாளரான எனக்குப் பொறுப்பதிகாரியும் அவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தால் பேச்சு இன்னும் மரியாதையாகும்.

"எல்லாத்திலயும் தகட்டுக்குப் பக்கத்தில ஒரு கறுத்த கோடு கிடக்கு," என்றார். "ஊசி வழுக்கினா இப்பிடித்தான் வரும்."

"வழுக்கலீங்க சேர்."

"உமக்குத் தெரியாமல் வழுக்கியிருக்கலாம் நிலூஷா."

எனக்குத் தெரியாமல் என் கை செய்வதை நான் எப்படி மறுப்பது?

"கோவிக்காதேயும். வெள்ளிக்கிழமை அகீலாவே ஏத்தட்டும். நீர் கொம்பியூட்டரில இரும்."

"சரிங்க சேர்."

அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. ஈரமானியில் இருந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் சோற்றுப் பார்சலை அவிழ்த்துவிட்டு மூடிவைத்தேன். என்ன எந்த வரிசையில் நடந்தது என்று எழுதிப் பார்த்தால் ஏதாவது தெரியுமா என்று நினைத்தேன்.

எங்கள் வெற்றிடப் பெட்டியின் பம்பி பழுதாகி உதிரிப்பாகத்துக்காகக் காத்திருக்கிறோம். அதனால் சேர் அறையையே உலர்த்த முடிவெடுத்தார். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஜன்னல் இடுக்கையெல்லாம் நாடாவால் ஒட்டினோம். ஏசியையும் இறக்கிவிட்டோம். வெளியே மழை ஓயாமல் கொட்ட, உள்ளே உதடு வெடித்தது. குளிருக்காக நான் எங்கள் ஊர் ஹேவாஹெட்டையில் போடும் சுவெட்டரை எடுத்துவந்தேன். அக்கா தடித்த காலுறை போட்டுக்கொண்டார். அப்போது எட்டும் நன்றாக இருந்தன. தூசு வரும் என்று செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நான் வெறுங்காலோடும் அக்கா காலுறையோடும் வேலை செய்வோம். சிமெந்துத் தரை ஐஸ் போல இருக்கும்.

பிறகு ஒருநாள் அக்கா கதிரையிலிருந்து எழும்பி இயந்திரத்தின் தகரத்தில் கை வைத்தார். "யா அல்லாஹ்" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் போனார்.

"கரண்ட் அடிக்குது. இந்த மெஷின் லீக்."

பராமரிப்புப் பிரிவிலிருந்து எலெக்ட்ரீசியன் பாஸ் வந்தார். சோதனைத் திருகாணி முடுக்கியை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் வரவில்லை. இருந்தாலும் லீக் வந்து வந்து போகும், ஈர நாட்டில் நம்பக்கூடாது, எல்லோரும் இறப்பர் செருப்புப் போடுங்கள் என்றார். தண்ணீர் மோட்டரைத் தொட்டவன் வெறுங்காலோடு நின்று செத்த கதை ஒன்றும் சொன்னார். சேர் உடனே புதுச் செருப்பு வாங்கிவரச் செய்தார். உள்ளுக்கு மட்டும் போட, ஆளுக்கொரு சோடி. அந்தக் கிழமைதான் முதலாவது செத்தது.

செருப்புப் போட்ட பிறகும் இயந்திரம் என்னை ஒருதரம் கடித்தது. செருப்பையும் தாண்டி அடிக்கிறது என்றால் லீக் பெரிதாகிவிட்டது என்று பயந்து சொன்னேன். பாஸ் மேசையின் முன்னால் தடித்த இறப்பர் விரிப்பு ஒன்றையும் போட்டுவிட்டுப் போனார். பிறகு செத்தவை அடுத்தடுத்து.

இதை எழுதியதால் ஒன்றும் தெரியவில்லை. செருப்பு உயரத்தில் நான் நிற்கும் விதம் மாறி, கை ஆடியிருக்கலாம் என்று மட்டும் நினைத்தேன்.

புதன்

மாலை வகுப்பு. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கும்போதே நனைந்துவிட்டேன். சுவெட்டர் ஈர ஆட்டுக்குட்டி போல நாறியது.

ஸாகி முதல் வரிசையில் இருந்தான். பகலில் தொலைபேசி திருத்தும் கடையில் வேலை, பின்னேரம் என்னோடு இலத்திரனியல் படிக்கிறான்.

"விஞ்ஞானி வந்தாச்சு. என்ன, இண்டைக்கும் கொலையா?"

"கிண்டல் பண்ணாதீங்க ஸாகி."

"ஆறு பேரு போயாச்சு. போலீஸ் தேடல்லையா?"

"நாளான்னைக்கு எனக்குப் பதிலா அக்காவே ஏத்தப் போறாங்க."

அவன் முகம் கொஞ்சம் மாறியது. "ஏன், உங்கட கை நல்ல கைதானே. அண்டைக்கு என்ட போர்ட்ல அந்தப் பொடிக் கம்பிய நீங்கதானே ஒட்டித் தந்தீங்க."

"அது வேற."

"அந்த லீக் இன்னம் ஈக்கா?"

"இருக்கு. போன கிழமை என்னயக் கடிச்சிச்சு. பயந்து பயந்து திரும்பவும் தொட்டுப் பாத்தேன். ஒன்னும் இல்ல."

ஸாகி சிரித்தான். "அதென்ன லீக்? எங்கட கடைக்குப் பொறத்தால ஒரு வோஷிங் மெஷின் ஈக்கி. மூணு தரம் தொட்டா மூணு தரமும் தரும், வஞ்சகம் இல்லாம. உங்கட மெஷின் ஒருக்காத் தந்துட்டு நிப்பாட்டிருச்சா? சரியான கருமி."

பின்னாலிருந்தவர்களும் சிரித்தார்கள். ஆசிரியர் உள்ளே வந்தார். பாடம் கொள்ளளவி பற்றியது. நான் கேட்கவில்லை.

கருமி. ஒருதரம் தந்துவிட்டு நிறுத்திக்கொள்வது. தருவதற்கு அவ்வளவுதான் இருந்தது என்றால்?

ஹேவாஹெட்டையில் எங்கள் பாடசாலையில் நிலைமின் பாடம் நடந்த நாள் ஞாபகம் வந்தது. சீப்பைத் தலையில் தேய்த்துக் கடதாசித் துண்டுகளுக்கு மேலே பிடிக்கவேண்டும். துண்டுகள் துள்ளிப்போய் ஒட்டும் என்று புத்தகத்தில் படம் இருந்தது. வகுப்பு முழுக்கத் தேய்த்தோம். ஒரு துண்டும் அசையவில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி, கடதாசியே நமத்துப் போயிருந்தது. வடிவம்மா டீச்சர், "ஒட்டினதா எழுதிக்கங்க, சோதனையில கேப்பாங்க" என்றார். எழுதினோம், புள்ளியும் வாங்கினோம். அதற்குப் பிறகு நிலைமின் என்பது புத்தகத்தில் மட்டும் நடக்கும் விஷயமாக என் தலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அக்காவும் இந்தப் பக்கத்துப் பாடசாலையில் படித்தவர்தான். எலெக்ட்ரீசியன் பாஸும் இந்த மழைக்குள் பிறந்தவர். கையில் சுரீர் என்றால் எங்களுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று, வயர் எங்கோ கசிகிறது. அதற்குத் தெரிந்த மருந்தும் ஒன்றே ஒன்று, இறப்பர் செருப்பு.

கதிரையில் சுவெட்டர் தேய்கிறது. தேய்ந்து சேர்ந்தது, வெறுங்காலென்றால் சிமெந்துத் தரையில் இறங்கிப் போய்விடும். செருப்பும் விரிப்பும் அதை இறங்க விடாது. என் உடம்பில் நிற்கும். நான் சாவணத்தால் சிப்பைத் தொடும்போது மூன்று அணுத் தடிப்புக்குள்ளால் பாயும்.

இது நான் நினைப்பது. இதில் எதையும் நான் பார்க்கவில்லை.

வியாழன்

அக்காவுக்குச் செய்தி எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். 'என் கை இல்லை, என் சுவெட்டர்' என்று வாசிக்கும்போது தப்பப் பார்க்கிறவள் எழுதியது போலத்தான் இருந்தது. கையைப் பற்றிச் சொல்லி இரண்டே நாளில் புதுக் காரணத்தோடு வருகிறாள் என்று சேர் நினைப்பார். அவர் அப்படி நினைத்தால் தப்பும் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. நான் செருப்பைக் கழற்றச் சொல்லி, லீக் உண்மையாக இருந்துவிட்டால்? அக்காவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? சிப் போனால் படிப்புத்தான் போகும்.

மத்தியானம் அக்கா என் மேசைக்கு வந்து தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

"கோவமா நிலூ?"

"இல்லக்கா."

"ஊசி இறக்க நேத்து நானும் பழகிப் பாத்தேன், வெறும் சிலிக்கன்ல. கை நடுங்குது. உனக்கு நடுங்கினத நான் ஒரு நாளும் பாத்தில்ல." கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். "ஆனாச் செத்ததும் உண்மதானே?"

"உண்மதான்."

அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்தேன், அவர் போய்விட்டார்.

வெள்ளி

இன்று நடந்ததை எல்லாம் எழுதவேண்டும். கட்டிலில் சாய்ந்துகொண்டு எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக வருகிறது.

காலையிலிருந்து மழை. அறைக்குள் ஈரமானி நாங்கள் இதுவரை காணாத அளவுக்கு இறங்கியிருந்தது. அக்கா கறுப்பு அபாயா போட்டிருந்தார், நடக்கும்போது சரசரவென்று சத்தம் கேட்டது. காலில் காலுறை, அதற்கு மேல் இறப்பர் செருப்பு. இறப்பர் விரிப்பில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எழும்பி, மறுபடி உட்கார்ந்தார். நான் கணினியில் இருந்தேன். சேர் எங்களுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏழாவதில தொடங்குங்கோ," என்றார் சேர்.

"பிஸ்மில்லாஹ்," என்று அக்கா சாவணத்தை எடுத்தார்.

சாவணத்தின் நுனி சிப்பை நெருங்கியது. நான் எப்போது எழும்பினேன் என்று தெரியாது.

"அக்கா, நில்லுங்க. தொடாதீங்க."

அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. "என்னடி?"

"சாவணத்தக் கீழ வைங்கக்கா. தயவுசெஞ்சு."

"இப்பவா? இப்பவா சொல்ற?" அவர் சாவணத்தை மேசையில் வைத்தார். "எனக்கு இன்னம் ரெண்டுதான் ஈக்கி நிலூ."

"என்ன பிரச்சினை நிலூஷா?" என்றார் சேர், மிக மரியாதையாக.

சொன்னேன். ஒழுங்காகச் சொல்லவில்லை. சுவெட்டரில் தொடங்கி வோஷிங் மெஷினுக்குப் போய், செருப்புக்கு வந்து, மறுபடி சுவெட்டருக்குப் போனேன். சேர் முதலில் சிரித்தார்.

"நிலைமின்னோ? கண்டியிலயோ? வெளியில கொட்டுற மழையைப் பாரும்."

"உள்ள கண்டி இல்லைங்க சேர். நாமதான வெளியேத்தினோம்."

அவர் ஈரமானியைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நான் வெளிநாட்டில படிக்கேக்க குளிர்காலத்தில ஒவ்வொரு கதவுப் பிடியும் அடிக்கும்," என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். "ஆனா அது பனி கொட்டுற நாடு." பிறகு என்னைப் பார்த்தார். "சரி, நீர் சொல்லுறது நடக்கக்கூடியது. நடந்ததெண்டு எப்பிடிச் சொல்லுவீர்? செருப்பைக் கழட்டிப்போட்டு, லீக் உண்மையா இருந்தா? உங்கட வீட்டாக்களுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

இரவு முழுக்க நானும் அதைத்தான் யோசித்திருந்தேன்.

"லீக்னா தொடும்போதெல்லாம் அடிக்கணும் சேர். இதுன்னா ஒருக்கா அடிச்சிட்டு நின்னுரும். மறுபடி கதிரையில உரசுனாத்தான் திரும்ப வரும். நானே தொட்டுப் பாக்குறேன்."

"வேண்டாம்," என்றார் அக்கா உடனே. "சிப் போனாப் போகட்டும். நீ தொடாத."

சேர் இயந்திரத்துக்கு மின்சாரம் போகும் சுவர் ஆளிக்குப் பக்கத்தில் போய் அதன் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். "புறங்கையால தொடும். உள்ளங்கையால பிடிச்சிடாதேயும். அடிச்சா நான் நிப்பாட்டுவன்."

இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் காற்று வரும் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன். ஓடியது. செருப்போடு கதிரையில் உட்கார்ந்தேன், எழும்பினேன், விரிப்பில் நின்றபடியே புறங்கையைத் தகரத்துக்குக் கொண்டுபோனேன்.

கடித்தது. 'டிக்' என்ற சத்தம் அவர்களுக்கும் கேட்டது.

மறுபடி தொட்டேன். ஒன்றுமில்லை. மறுபடியும் தொட்டேன், கையை எடுக்காமல் வைத்திருந்தேன். குளிர்ந்த தகரம், அவ்வளவுதான். திரும்பப் போய் உட்கார்ந்து எழும்பி வந்தேன். கடித்தது.

"இனிச் செருப்பக் கழட்டுறேன்," என்றேன்.

விரிப்பிலிருந்து இறங்கிச் சிமெந்தில் வெறுங்காலை வைத்தேன். குளிர் முழங்கால்வரை ஏறியது. லீக் என்றால் இதுதான் அது என்னைக் கொல்லும் இடம் என்று தெரிந்தே நின்றேன். நான் பிழையாக யோசிக்கிற ஆள். வகுப்பில் விடையைச் சரியாக எழுதிவிட்டு வெட்டிப் பிழையாக எழுதியிருக்கிறேன். புறங்கை தகரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது, அதற்கு மேல் போக மறுத்தது. அக்கா வாய்க்குள் ஏதோ ஓதுவது கேட்டது. சேரின் விரல் ஆளியில் இருந்தது.

தொட்டேன்.

ஒன்றுமில்லை.

உட்கார்ந்து, வெறுங்காலைத் தரையிலேயே வைத்திருந்து, எழும்பி, மறுபடி தொட்டேன். ஒன்றுமில்லை.

சேர் ஆளியை விட்டுவிட்டு வந்தார். தானும் அதையே செய்து பார்த்தார், செருப்போடு ஒருதரம், வெறுங்காலோடு ஒருதரம். செருப்போடு தொட்டபோது "ஆ" என்றார். இரண்டாம் தரத்துக்குக் குனிந்து காலுறையைக் கழற்றினார். ஒன்றில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அக்காவும் நானும் வேறு பக்கம் பார்த்தோம்.

"எல்லாத்தையும் கழட்டுங்கோ. விரிப்பைச் சுருட்டுங்கோ. நிலூஷா, அந்தச் சுவெட்டரை வெளியில கொண்டுபோய்ப் போடும்."

மேசையின் உலோகச் சட்டத்துக்குப் புவித்தொடுப்பு உண்மையில் இருக்கிறதா என்று சேர் மீற்றரால் பார்த்தார். இருந்தது. ஒரு செப்புக் கம்பியைச் சட்டத்தில் கட்டி, மறு நுனியை அக்காவின் மணிக்கட்டில் சுற்றினோம். அக்கா சாவணத்தை எடுத்தார். நுனி துடித்தது. கீழே வைத்துவிட்டார்.

"என்னால ஏலா. நிலூ ஏத்தட்டும்."

சேர் யோசித்தார். "ஆறும் என்னத்தால செத்ததெண்டு இன்னும் எங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுங்க சேர்," என்றேன்.

"தெரிஞ்ச மாதிரி நீரும் சொல்லேல்ல." கம்பியை அக்காவின் கையிலிருந்து அவிழ்த்து என் பக்கம் நீட்டினார். "ஏத்தும்."

சிப்பை ஏற்றினேன். ஏழாவதின் தகடுகளில் ஊசிகளை இறக்கினேன். சேர் கணினியில் தட்டினார்.

கோடு எழும்பவில்லை.

அந்த நிமிடத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. அக்கா முகத்தை முக்காட்டு நுனியால் மூடிக்கொண்டார். நான் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். தகட்டுக்குப் பக்கத்தில் அதே கறுத்த கோடு.

"கறுத்த கோடு இருக்குங்க சேர். ஆனா ஊசி இறங்க முன்னமே இருந்திச்சு."

"பாத்தனீரோ?"

பாத்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் எல்லாம் எனக்குச் சாதகமாக முடியும்.

"பாத்த மாதிரி இருக்கு. உறுதியாச் சொல்ல மாட்டேன். நான் தகட்டத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

சேர் பெருமூச்சு விட்டார். "திங்கக்கிழமை ஆறாவதை ஏத்தேக்க ஏழாவதும் சேர்ந்து போயிருக்கலாம். இல்லாட்டி இப்ப போயிருக்கலாம். எட்டாவதை ஊசி கிட்டப் போக முன்னமே மூண்டு பேரும் பாப்பம்."

மேடையை நகர்த்தினேன். சேர் பார்த்தார், பிறகு அக்கா, பிறகு நான். நீலப் பொட்டு முழுசாக இருந்தது, கறுப்பு எதுவும் இல்லை. அக்கா இரண்டாம் முறையும் பார்த்தார்.

"இறக்கு," என்றார்.

முதல் ஊசி. தகட்டில் பட்டதும் நுனி ஒரு மயிரளவு முன்னால் சறுக்கும், அங்கே நிறுத்தவேண்டும். நிறுத்தினேன். இரண்டாவது ஊசி. கையை எடுத்தேன்.

"ரெடி."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கோடு தரையை விட்டுக் கிளம்பியது. வளைந்து, நிமிர்ந்து, மேலே மேலே ஏறியது. உச்சிக்குப் போய்த் திரும்பியது. மூவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இறங்கிய கோடு ஏறிய கோட்டோடு ஒட்டிக்கொண்டே வந்தது. அடியில் மட்டும் கொஞ்சம் விலகியது. வாய் திறந்தது போல இல்லை, உதடு பிரிந்தது போல.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் அக்கா. உடனே, "எடு. திரும்ப இறக்கு."

"அக்கா, ஒன்னு கிடைச்சிருச்சே. இதோட விட்டா என்ன?"

"ரெண்டு தரம் கேட்டீக்கிறாங்க. ஒன்டக் குடுத்தா ஒன்டுமே குடுக்காத மாதிரி."

ஊசிகளைத் தூக்கினேன். அக்கா மறுபடி பார்த்தார், பொட்டு அப்படியே இருந்தது. முதல் தடவை பயத்தில் யோசிக்காமல் இறக்கிவிட்டேன். இந்த முறை எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. இப்போது போனால் அதற்குக் காரணம் சுவெட்டரும் இல்லை, செருப்பும் இல்லை, என் கை மட்டும்தான். இறக்கினேன்.

இரண்டாவது கோடு முதலாவதின் மேலேயே ஏறி, அதன் மேலேயே இறங்கியது. ஒரு கோட்டைப் பேனாவால் தடவி எழுதியது போல.

"சேமிச்சிட்டீங்களா சேர்?" என்று அக்கா கேட்டார்.

சேர் திரையைத் துழாவினார். "எதில அமத்துறது? இவ்வளவு நாளும் நீங்கள்தானே சேமிச்சது."

"மேல இடது பக்கம்."

"இங்க அழிக்கவோ எண்டு கேக்குது."

"ஐயோ, தொடாதீங்க சேர்."

அக்கா ஓடப்போனார். அபாயா கதிரையில் உரசியது. நான் மணிக்கட்டில் கம்பியோடு ஊசிக்குப் பக்கத்தில் நின்றபடி, "அக்கா, அப்படியே வராதீங்க, மேசைக் காலத் தொட்டுட்டு வாங்க" என்றேன். அவர் குனிந்து மேசைக் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அங்கிருந்தே தலையை நீட்டி, "இல்லை எண்டு அமத்துங்க சேர், இல்லை எண்டு" என்றார். சேர் அமத்தினார். பெயர் கேட்டது. சேர் ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

"போச்சு," என்றார். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துத் திருத்தினார். "உள்ளுக்குப் போச்சு எண்டு சொன்னனான். ரெண்டும் கிடக்கு."

அக்கா மேசைக் காலைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்து அழுதார். நான் முதலில் ஒரு ஊசியைத் தூக்கினேன், பிறகு மற்றதை.